பிலோமினா அக்காவுக்கு நன்றி சொல்லச் சொன்னீர்கள்

பிலோமினா அக்கா காலமான செய்தி எனக்கு ஆயர் ஈத்தாம் ஊரில் வந்து சேர்ந்தது. எங்கள் மனநல மையத்தில் பூச்செடிகள் வளர்த்து விற்கிறோம். அதற்கு மண்தொட்டிகள் வாங்குவதற்காக உறுப்பினர்கள் சிலரை வேனில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். கடை வாசலில் தொட்டிகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. உங்கள் தேவாலயப் பங்குப் பேரவைச் செயலாளர் அந்தோணி வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி. அக்கா அன்று காலை மருத்துவமனையில் இறைவனடி சேர்ந்தார் என்று முதல் பத்தியில் இருந்தது. அடக்கத் திருப்பலிக்கு வெளியூர்களிலிருந்து நிறையப் பேர் வருவதால் ‘உங்கள் நோயாளிகளை’ அழைத்து வர வேண்டாம், அவர்களுக்கென்று பிறகொரு நாள் தனியாகச் சிறப்பு ஜெபம் வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டாவது பத்தியில் இருந்தது. கடைசியில் கைகூப்பும் படம் ஒன்று.

செத்துப்போனார் என்பதையும் வராதீர்கள் என்பதையும் ஒரே மூச்சில் சொல்ல ஒரு மனிதருக்கு எப்படி மனம் வந்தது? அழுவதற்கு முன்னால் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அழுகைக்கு அடக்க நாள் வரை இடமே கிடைக்கவில்லை.

என் பக்கத்தில் குமரவேல் நின்றிருந்தார். எங்கள் உறுப்பினர்களில் மிகப் பழையவர், நாற்பதைத் தாண்டியவர். மனச்சிதைவு நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்கிறார். எங்கள் செடிகளில் பாதி அவர் கைபட்டு வளர்ந்தவை. என் முகத்தைப் பார்த்தவர் கையிலிருந்த தொட்டியைக் கீழே வைத்தார்.

“யாரு டீச்சர்? அக்காவா?”

தலையாட்டினேன்.

கீழே வைத்த தொட்டியை மறுபடி எடுத்துச் செய்தித்தாளைச் சுற்றி முடித்தார். பிறகு, “எப்ப போறோம்?” என்று கேட்டார்.

போகலாமா என்று அவர் கேட்கவில்லை. அந்தச் சந்தேகமே அவருக்கு வரவில்லை. வீட்டில் ஒருவர் இறந்தால் போகத்தானே வேண்டும்? கைப்பேசியை அவர் கண்ணில் படாமல் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இப்போது அடக்கமெல்லாம் முடிந்து, அக்காவுக்காக நீங்கள் வெளியிடும் நினைவு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறீர்கள். தேவாலயமும் மனநல மையமும் சேர்ந்து செய்துவரும் பணிக்கு நன்றி தெரிவிக்கும் விதமாக இருந்தால் நன்றாயிருக்கும் என்றும் சொன்னீர்கள். எழுதுகிறேன். நன்றி சொல்ல என்னிடம் நிறையவே இருக்கிறது. ஆனால் பிலோமினா அக்காவைப் பற்றிச் சாந்தமாக எழுதினால் அது வேறு யாரோ ஒரு பெண்மணியைப் பற்றிய கட்டுரையாகிவிடும். அவரோடு ஒரு கூட்டத்திலாவது உட்கார்ந்திருப்பவர்கள் நான் சொல்வதை ஒப்புக்கொள்வீர்கள்.

ஜொகூர் பாருவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில்தான் எங்கள் மையம் முதலில் இருந்தது. தமிழ்ப்பள்ளி ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சில நண்பர்களோடு சேர்ந்து அதைத் தொடங்கினேன். மனநோயிலிருந்து மீண்டு வருபவர்கள் பகலில் வந்து சேர்ந்து சமைத்து, வேலை பழகி, நாலு பேரோடு பேசிவிட்டுப் போக ஓர் இடம். அவ்வளவுதான். கீழ்க்கடைக்காரர்கள் வாடிக்கையாளர்கள் பயப்படுகிறார்கள் என்றார்கள். எங்கள் ஆட்கள் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதுகூட இல்லை. ஆனாலும் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர்.

நான் முதலில் போனது எங்கள் கோயிலுக்குத்தான். நீங்கள் மட்டும் திட்டு வாங்குகிறீர்கள் என்று நினைக்க வேண்டாம். நிர்வாகத்தினர் உட்காரவைத்து, சர்க்கரைப் பொங்கல் கொடுத்து, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, “பெரிய புண்ணியம் டீச்சர், ஆனா பக்தருங்க வந்து போற எடம், கொஞ்சம் சூசா, கஷ்டம்” என்றார்கள். பிறந்ததிலிருந்து நான் கும்பிட்ட சந்நிதியின் வாசலிலேயே அதைக் கேட்டேன். பொங்கலை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

நாங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நாளில்தான் பிலோமினா அக்கா படியேறி வந்தார். அதுவரை அவரை எனக்குத் தெரியாது. அறுபதைத் தாண்டிய வயதில் கப்சாய் எனும் சின்ன மோட்டார்சைக்கிள் ஓட்டி வந்து, தலைக்கவசத்தைக் கழற்றாமலே உள்ளே நுழைந்து, யார் இங்கே பொறுப்பு என்று கேட்டார். கேட்டது தெருமுனை வரை கேட்டிருக்கும். கையுறைத் தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே மேற்பார்வையாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் குரலுக்கு அது தெரியவில்லை.

“எங்க கோயில் கூடம் திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் சும்மாதான் பூட்டிக் கெடக்கு. எலிதான் ஓடுது. எலி ஓடலாம், உங்காளுங்க ஒக்காரக் கூடாதா? சாமான ஏத்துங்க.”

“ஃபாதர் சம்மதிச்சிட்டாரா?” என்று கேட்டேன்.

“இன்னும் கேக்கல. மொதல்ல நீங்க ஏத்துங்க லா.”

கூடப் பராமரிப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவி என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பங்குத் தந்தை கூடத்துக்கு வந்து பார்த்தபோது எங்கள் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அவர் சிரித்துவிட்டு, தட்டு வாங்கி எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். இந்த இணைவுக்கு ஒப்பந்தம், தொடக்க விழா என்று எதுவும் இருந்ததில்லை. அந்தச் சாப்பாடுதான் தொடக்கம்.

அந்த ஆண்டு இறுதியில் உங்கள் பங்கு விழாவில் என்னைப் பேச அழைத்தார்கள். நான் நன்றி சொன்னேன். இடம் தந்த உங்கள் பெருந்தன்மை, உங்கள் தயவு, உங்கள் கருணை என்று நீளமாகவே சொன்னேன். மேடையை விட்டு இறங்கியதும் அக்கா என்னைச் சமையலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

“என்ன சரோ இது? ஒரே வீட்டுல இருக்கறவங்க, சோத்துக்கு ஒருதரம் கொழம்புக்கு ஒருதரம்னு நன்றி சொல்லிக்கிட்டா இருப்பாங்க? நீங்க இப்பிடிக் கும்புடு போட்டா எங்காளுங்க நெசமாவே தர்மம் பண்றோம்னு நெனச்சிக்குவாங்க. அப்புறம் அவங்கள எறக்கவே முடியாது.”

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது அடுத்த சில மாதங்களிலேயே தெரிந்தது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கூடத்தில் எல்லோரும் தேநீர் குடித்துப் பேசிவிட்டுப் போவது உங்கள் வழக்கம். அந்தத் தேநீரை இனி எங்கள் உறுப்பினர்கள் போடட்டும் என்று அக்கா முடிவு செய்தார். குமரவேலும் தேவியும் சமையல் ஏப்ரன் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். தேவி எங்கள் உறுப்பினர், மூன்று பிள்ளைகளின் தாய். ஒரு காலத்தில் கடை வைத்திருந்தவர். அவர் ஆற்றும் தேநீரைக் குடித்தவர்கள் மறக்கமாட்டார்கள். அன்று குடிக்கத்தான் யாரும் வரவில்லை. புன்னகைத்தீர்கள், தலையசைத்தீர்கள், இப்போதுதான் வீட்டில் குடித்தோம் என்றீர்கள். தேநீர் பாத்திரத்திலேயே ஆறிப்போனது. தேவிதான் அதைக் கழுவும் தொட்டியில் கொட்டினார்.

அடுத்த ஞாயிறு, சமையலறையில் வேறு பெண்கள் ஒரு பாத்திரத்தில் தனியாகத் தேநீர் வைத்திருந்ததை அக்கா பார்த்துவிட்டார். அந்தப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் செடிகளுக்கு ஊற்றிவிட்டார். சர்க்கரை போட்ட தேநீர். பின்னால் எறும்பு வந்து குமரவேல் திட்டிக்கொண்டிருந்தார். பிறகு அக்கா கூடத்தின் நடுவில் நின்று சொன்னார்: “உள்ள பூசையில சமாதானம் சமாதானம்னு கையக் குடுக்கறீங்க. வெளிய வந்து அதே கையால குடுக்கற தேத்தண்ணிய வாங்க மாட்டேங்கறீங்க. இனிமே இந்தக் கூடத்துல ஒரே தேத்தண்ணிதான். வேணாம்னா தாகத்தோட வீட்டுக்குப் போங்க.” சிலர் அப்படியே போனார்கள். நாலைந்து ஞாயிறுகளுக்குப் பிறகு தேநீர்ப் பழக்கம் வென்றது. கிறிஸ்தவ அன்பு வென்றது என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

தேவிக்கு நடந்ததை உங்களில் பலர் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. திருப்பலியின் மன்றாட்டு நேரத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து தங்கள் வேண்டுதலைச் சொல்லலாம் என்பது உங்கள் பங்கின் வழக்கம். அழகான வழக்கம்தான். ஒரு ஞாயிறு ஒரு சகோதரி எழுந்து, கூடத்துக்கு வரும் மனநோயாளிகள் சுகமடைய வேண்டுமென்று மன்றாடினார். மன்றாடியவர் ஒவ்வொரு பெயராகச் சொன்னார். தேவியின் பெயரையும் சொன்னார். தேவி அப்போதுதான் ஒரு ரொட்டித் தொழிற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நோயைப் பற்றி அங்கே யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தொழிற்கூடத்தின் கண்காணிப்பாளர் அன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்த வாரம் தேவியைக் கத்தி இருக்கும் மேசையிலிருந்து தள்ளி உட்காரவைத்தார்கள். அதற்கடுத்த வாரம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சகோதரி கெட்டவர் இல்லை. கண்ணீர்விட்டு, உண்மையாகவே உருகித்தான் வேண்டினார். அன்று எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. கெட்ட எண்ணத்தோடு செய்தால் எதிர்த்து நிற்கலாம். இவ்வளவு அன்போடு ஒருவர் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்கினால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அக்காவுக்கு அந்தக் குழப்பம் இல்லை. அடுத்த ஞாயிறு மன்றாட்டு நேரத்தில் அவரே எழுந்தார். நானும் அன்று பின்வரிசையில் இருந்தேன்.

“பிலோமினாவுக்காக. ரத்தக் கொதிப்பு, மூலம், முட்டி வலி, காலையில வயிறு சரியாப் போகல. மன்றாடுவோம்” என்றார். பழக்க தோஷத்தில் பாதிப் பேர் ‘கேட்டருளும்’ என்று பதில் வேறு சொல்லிவிட்டார்கள். அக்கா பேரவைத் தலைவர் பக்கம் திரும்பினார். “அடுத்து நம்ம தலைவருக்காக. என்ன வியாதின்னு அவரு வீட்டம்மா எங்கிட்டச் சொல்லிருக்காங்க. சொல்லட்டுமா?”

தலைவர் குனிந்துகொண்டார்.

“வேணாம்ல? வெக்கமா இருக்குல? அப்ப அந்தப் பொண்ணுக்கு இருக்காதா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். பங்குத் தந்தை வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். சம்மதம் கேட்காமல் யாருடைய நோயையும் பீடத்துக்கு முன்னால் சொல்லக் கூடாது என்று அன்றைக்கே அறிவித்தார். அந்தச் சகோதரி தேவியைத் தேடி வந்து மன்னிப்புக் கேட்டபோது, “மன்னிப்பு இருக்கட்டும்க்கா, எனக்கு வேலதான் வேணும்” என்றார் தேவி. தன் பழைய தொழிற்சாலைத் தோழிகளிடமெல்லாம் அலைந்து அக்கா அவருக்கு வேறு வேலை பிடித்துக் கொடுத்தார். அந்தச் சகோதரியையும் மோட்டாரின் பின்னால் உட்காரவைத்து அலையவிட்டார்.

இவ்வளவு கோபம் ஒரு மனுஷிக்கு எங்கிருந்து வருகிறது என்று ஒரு முறை கேட்டுவிட்டேன். கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் அது. அக்கா பாலோ ஊருக்குப் போய்ப் பெற்றோரின் கல்லறையைச் சுத்தம் செய்துவிட்டு வந்திருந்தார். அங்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு லூர்து என்று ஒரு தம்பி. இளவயதிலேயே மனநோய் வந்தது. அரசாங்க மருத்துவமனை மருந்தில் நன்றாகத் தேறி, வேலைக்கும் போய்க்கொண்டிருந்தான். அந்தச் சமயம் தோட்டத்துக்குச் சுகமளிக்கும் கூட்டம் நடத்த ஒருவர் வந்தார். விசுவாசம் இருந்தால் மருந்தைத் தூக்கி எறி என்றார். பெற்றோர் எறிந்தார்கள். சில வாரங்களில் லூர்து ஒரு காலை வீட்டைவிட்டு நடந்து போனான். திரும்பவில்லை. எங்கே போனான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

“வருசா வருசம் செத்தவங்க பேரு வாசிக்கறப்போ அவன் பேரையும் சேக்கச் சொல்லுவாங்க. நான் பாக்கலியே சரோ. பாக்காம எப்பிடிச் சேப்பேன்?” என்றார். பேருந்து நிலையத்தில் அழுக்கு உடையோடு படுத்திருக்கும் ஆண்களை அவர் குனிந்து முகம் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன். ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. “சாமி மேல எனக்குக் கோவமே இல்ல. சாமி சொன்னாருன்னு சொன்னான் பாரு, அவன் மேலதான்.”

அப்படிப்பட்டவரைப் பற்றித்தான் வதந்தி கிளப்பினார்கள். எங்கள் கோயில் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து, கூடத்தைக் கொடுத்து மதம் மாற்றுகிறார்களாமே என்று என்னிடம் விசாரித்தார். எங்கள் கோயில் கதவைச் சாத்தியபோது இந்த அக்கறை எங்கே போயிருந்தது என்று நான் கத்த ஆரம்பிப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். “தம்பி, இருக்கிற கிறிஸ்தவங்களையே எங்களால மேய்க்க முடியல. புதுசா வேற ஆள் சேக்கணுமா?” என்றார். வந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களிலும் சிலர், இவ்வளவு செய்கிறோமே, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு ஜெபமாவது சொல்லவைக்கக் கூடாதா என்று கேட்டீர்கள். அவர்களுக்கு அக்கா சொன்ன பதிலை அச்சில் போட முடியாது. தீபாவளிக்குக் கூடத்து வாசலில் கோலம் போட்டவரும் அவர்தான். கோணல்மாணலாக இருந்தது. தேவி அழித்துவிட்டு மறுபடி போட்டார்.

இனி அடக்கத்துக்கு வருகிறேன்.

ஆயர் ஈத்தாமிலிருந்து திரும்பியதும் நேரே அந்தோணியைப் பார்க்கப் போனேன். அக்காவின் மகள் ரெஜினாவும் சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்திருந்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர்” என்று அந்தோணி ஆரம்பித்தார். “கேஎல்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க. பிஷப் வந்தாலும் வருவாரு. நடுவுல யாராச்சும் சத்தம் கித்தம் போட்டா நல்லாவா இருக்கும்?”

“சாவுக்குச் சத்தம் போடாம வேற எதுக்குப் போடறது?” என்றேன்.

“அவங்க நல்லதுக்குத்தான் சொல்றோம். கூட்டத்தப் பாத்தா அவங்களுக்கும் ஒரு மாதிரி ஆயிடும்ல?”

அவர்களைக் கேட்டீர்களா என்றேன். ரெஜினாவைப் பார்த்தேன். கண்கள் வீங்கி உட்கார்ந்திருந்தாள். “ஆன்ட்டி, எனக்கு இப்ப எதுவும் யோசிக்க முடியல” என்றாள். தாயைப் பறிகொடுத்த பெண்ணின் முன்னால் நான் எவ்வளவு நேரம் கத்த முடியும்? கடைசியில் அந்தோணி ஒரு வழி சொன்னார். எங்கள் ஆட்கள் வரலாம், ஆனால் பக்கத்துக் கூடத்தில் உட்காரலாம். பெரிய டிவியில் திருப்பலியை நேரடியாகக் காட்டுவார்கள். குளிர்சாதனம் போட்டு, மைலோவும் பிஸ்கட்டும் வைப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

அன்று குமரவேல் விசேஷங்களுக்கு மட்டும் போடும் முழுக்கை பாத்தேக் சட்டை போட்டு, தலையை எண்ணெய் வைத்து வாரியிருந்தார். தேவி வெள்ளைச் சேலையில், தானே கட்டிய மாலையோடு வந்தார். தேவாலய வாசலை நோக்கி நடந்தவர்களை உங்கள் தொண்டர்கள் இனிமையாகச் சிரித்து, கைகாட்டி, கூடத்துக்குத் திருப்பிவிட்டார்கள். “எல்லாரும் சமத்தா ஒக்காந்துக்கணும், ஓகே?” என்றாள் ஒரு பெண். தேவியின் மூத்த மகள் வயதுதான் அவளுக்கு. மாலையை எங்கே வைப்பது என்று தேவி கேட்டார். கடைசியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறோம் என்று சொல்லி அதை வாங்கி மேசையில், பிஸ்கட் டின்னுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

டிவியில் பார்த்தோம். மறையுரையில் அக்காவை மனநோயாளிகளின் தாய் என்றார்கள். “அம்மா இல்ல, அக்கா” என்று குமரவேல் திருத்தினார். பிறகு பேரவைத் தலைவர் பேச வந்தார். மனநலம் குன்றியோருக்காக இந்தப் பங்கு தன் கதவுகளை அகலத் திறந்து வைத்தது என்றார். நாங்கள் அப்போது குளிர் வெளியே போகாமல் இழுத்துச் சாத்திய கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். எழுந்து போய்க் கத்திவிடலாமா என்று நினைத்த அந்த நேரம் பார்த்து டிவி நின்றுவிட்டது. தலைவரின் திறந்த வாய் திரையில் அப்படியே உறைந்து, நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

“அலமாக்” என்று பதறி ஓடிவந்து தொண்டர்கள் கம்பியைப் பிடுங்கிச் செருகினார்கள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

குமரவேல் எழுந்தார். “நேர்லயே பாக்கலாம். பக்கத்துலதான இருக்கு” என்று கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். தேவி மேசையிலிருந்த மாலையை எடுத்துக்கொண்டார். மற்றவர்களும் எழுந்தார்கள். போகாதீர்கள் என்று சொல்ல ஒரு தொண்டர் என்னைப் பார்த்தார். நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

உள்ளே எல்லோரும் வரிசையாக வந்து பெட்டியின் மேல் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் பெரிய வாசல் வழியாக, நடுப்பாதையில் நடந்து போய், வரிசையின் கடைசியில் நின்றார்கள். அந்தோணி பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். யாரும் கத்தவில்லை. அன்று தேவாலயத்தில் வாய்விட்டுக் கதறியவர்கள் கோலாலம்பூரிலிருந்து வந்த உறவினர்கள். அவர்களை யாரும் டிவி பார்க்க அனுப்பவில்லை.

வரிசையின் கடைசியில் ஒரு வயதான அம்மா நின்றிருந்தார். யார் என்று எனக்குத் தெரியாது, அதற்கு முன் பார்த்ததும் இல்லை. திரும்பிப் பார்த்தார். ஒதுங்கி, தேவியைத் தனக்கு முன்னால் விட்டார். தீர்த்தக் கோலை எப்படிப் பிடிப்பதென்று தேவி தடுமாறியபோது, “இப்பிடி மா, லேசா” என்று அவர் கையோடு தன் கையைச் சேர்த்துத் தெளிக்கவைத்தார். மாலையை இருவருமாகத்தான் பெட்டிமேல் வைத்தார்கள்.

அடுத்து குமரவேல். தீர்த்தம் தெளித்துவிட்டு அவர் நகரவில்லை. பெட்டியைப் பார்த்து, வழக்கமாகப் பேசும் குரலிலேயே, “அக்கா, அங்க டிவி சரியில்லக்கா. அதான் நேர்ல வந்துட்டோம்” என்றார். பிறகு, “எல்லாரும் சாப்ட்டோம். மருந்தும் போட்டாச்சு” என்றார். தினமும் காலையில் கூடத்து வாசலில் நின்று அக்கா ஒவ்வொருவரிடமும் கேட்கும் கேள்விகள் அந்த இரண்டும்தான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

நன்றி சொல்லச் சொன்னீர்கள். எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட பங்குத் தந்தைக்கு நன்றி. தேவிக்காக வெயிலில் வேலை தேடி அலைந்த சகோதரிக்கு நன்றி, உங்கள் மேல் எனக்கு இருந்த கோபம் எப்போதோ போய்விட்டது. பெயர் தெரியாத அந்த அம்மாவுக்கு என் முழு நன்றி. இதைப் படித்தால் ஒரு நாள் கூடத்துக்கு வாருங்கள், தேவி உங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். கதவை அகலத் திறந்துவைத்ததாக மேடையில் பேசியவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான், அவருடைய கோபம். சாமான்களைப் பிரிக்கும்போது ரெஜினா, அம்மா ஞாபகமாக ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். இதைச் சொன்னேன். “எடுத்துக்குங்க ஆன்ட்டி, எங்க வீட்டுல யாராலயும் அத வச்சுச் சமாளிக்க முடியாது” என்று அழுதுகொண்டே சிரித்தாள். அவரைப் போல் எனக்குக் குரல் கிடையாது, மோட்டார் ஓட்டவும் தெரியாது. இருந்தாலும் கோபத்தை வாங்கிக்கொண்டேன்.

அக்கா இல்லாத இந்தக் கூடத்தில் எங்கள் ஆட்களை இனி எங்கே வைத்துக்கொள்வது, எந்த நேரத்தில் வரச் சொல்வது, எந்த வாசலை விடுவது என்று பேரவையில் பேச்சு ஓடுவதாகக் கேள்விப்படுகிறேன். பேசுங்கள். முடிவை என்னிடம் சொல்லி அனுப்பாதீர்கள், அதைத் தூக்கிக்கொண்டு போய் அவர்களிடம் சேர்க்கிறவள் நான் இல்லை. திங்கட்கிழமை காலை குமரவேல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். அவர் எதிரில் வந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.